வரிசையின் கடைசி ஆள்

இது நடந்தது. போன வருடம், பறவைகள் வடக்கே திரும்புகிற வசந்தகாலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நடந்தது. அன்று என்னோடு வந்தவர்கள் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள், சொல்ல மனம் வந்தால். நேரங்களைக்கூட நான் குத்துமதிப்பாகப் போடவில்லை. பறவை பார்க்கப் போகிறவர்கள் எல்லாவற்றையும் நேரம் குறித்து எழுதிவைப்பார்கள். அன்றைய தாளின் நகல் இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் தங்கை. முப்பத்தோரு வயதாகியும் வீட்டில் அவள் பெயர் குட்டிதான். அதற்கு நான்கு மாதம் முன்பு, இரண்டு பெட்டிகளோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். விவாகரத்து. அழவில்லை, சண்டை போடவில்லை. பேச்சு மட்டும் நின்றுபோனது. கேட்டால் "ம்", கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அவள் வந்த இரண்டாவது வாரம் என் கணவர் மொட்டை மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பறவை பார்க்கும் குழுவில் நான் சேர்ந்தது என் பல்லால். எங்கள் பல் டாக்டர்தான் அந்தக் குழுவின் தலைவர். கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை காலைல வர்றீங்களா, ஆறு வாரம்தான்" என்று கேட்டார். வாய் நிறையப் பஞ்சு. மறுக்க முடியவில்லை. இரண்டு வாரம் நான் மட்டும் போனேன். மூன்றாவது வாரம் குட்டியையும் கூப்பிட்டேன். "ம்" என்றாள். எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

"நாலரை மணிக்கு எழுந்து குருவி பாக்கணுமா? ஜன்னலத் திற, கம்பில நாலு உக்காந்திருக்கு" என்றார் என் கணவர், போர்வைக்குள்ளிருந்து.

மாமியார் மட்டும் எழுந்து வாசல் வரை வந்தார். குட்டியின் கழுத்தில் மப்ளரை இறுக்கிச் சுற்றிவிட்டு, என்னைத் தனியாக இழுத்தார்.

"போகும்போது ரெண்டு பேர். வரும்போதும் ரெண்டு பேர். ஞாபகம் வச்சுக்கோ."

4:35. வேன் வந்துவிட்டது.

வேன்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குழுவில் ஆண்கள் எல்லோரும் அவருக்குச் சார், பெண்கள் எல்லோரும் மேடம். நான் மட்டும் ஏனோ முதல் நாளிலிருந்தே அக்கா. பறவை என்றாலே அவருக்குக் கேலி. எங்களை இறக்கிவிட்டு, நாங்கள் திரும்பும்வரை சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்.

"நீங்க பறவையப் பாருங்கக்கா, நான் கண்ண மூடிக் கனவு பாக்கறேன். யாருக்கு அதிகம் தெரியுதுன்னு வரும்போது எண்ணிப்போம்."

"ஒரு நாளாவது உள்ள வந்து பாருங்களேன்."

"வர்றேன்க்கா. ஒரு நாளைக்கு வந்துதான் ஆகணும்" என்று சிரித்தார்.

5:10. ஊருக்கு வெளியே, சதுப்பு நிலத்தின் இரும்புக் கேட். ஆறு பேர் இறங்கினோம். பல் டாக்டர். பட்டியல் எழுதுகிற நூலகர் அம்மா. ஒரு கேமராக்காரர். பறவைக்குக் கேட்காமல் கிசுகிசுவென்று அவரோடு சண்டை போடத் தெரிந்த அவர் மனைவி. நான். குட்டி.

கேட்டிலிருந்து பறவை பார்க்கும் மரக்குடிசை வரை ஒரு கிலோமீட்டர் மண்கரை. ஓர் ஆள் நடக்கிற அகலம்தான். இரண்டு பக்கமும் ஆளுயர நாணல், அதன் அடியில் சேறு. விளக்கு போடக் கூடாது, இரவில் வந்து இறங்கிய பறவைகள் மிரண்டு எழுந்துவிடும். அதனால் இருட்டில், ஒருவர் பின் ஒருவராக நடப்போம். யாரும் தவறிவிடாமல் இருக்க மூன்று இடத்தில் எண்ணிக்கை. கேட்டில், கரை திரும்பும் வளைவில், குடிசை வாசலில். முன்னால் போகிற டாக்டர் "ஒண்ணு" என்பார். பின்னால் வருகிறவர்கள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். கடைசி ஆள் தன் எண்ணோடு "கடைசி" என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது கேட்டைப் பூட்டுவதும் கடைசி ஆளின் வேலை.

இன்னொரு விதியும் இருந்தது. சாப்பிட்டபின் வாய் கொப்பளிக்கச் சொல்கிற அதே குரலில் டாக்டர் அதை ஒவ்வொரு வாரமும் சொல்வார்.

"யாரும் யாரையும் முந்தக் கூடாது. பின்னாடியிருந்து வழி கேட்டாலும் விடாதீங்க. கேட்டா, பேசாம நடங்க. ஒதுங்கினா சேறு."

சரிதானே என்று நினைத்தேன். அவ்வளவு குறுகலான கரை.

5:14. முதல் எண்ணிக்கை.

"ஒண்ணு." "ரெண்டு." "மூணு." "நாலு."

"அஞ்சு" என்றேன்.

"ஆறு. கடைசி" என்றாள் குட்டி.

அவளை எனக்கு முன்னால் விட்டிருக்க வேண்டும். அவள்தான், "நீங்க போங்கண்ணி, எனக்குப் பின்னாடி யாரும் இல்லாம இருந்தா நல்லாருக்கும்" என்றாள். நான்கு மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. மனம் குளிர்ந்து விட்டுக்கொடுத்தேன்.

பனி இறங்கியிருந்தது. எனக்கு முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியவில்லை. எங்கோ ஒரு கதிர்க்குருவி தூக்கத்தில் போல ஒரு தடவை கத்திவிட்டு நிறுத்தியது. கரையின் நடுவே தண்ணீர் போக ஒரு சின்ன மரப்பாலம் உண்டு. அதில் மூன்றாவது பலகை ஆணி கழன்றது. யார் மிதித்தாலும் ஒரு முறை தட்டும்.

5:22. பாலம்.

டக். டக். டக். டக். முன்னால் போனவர்கள்.

டக். நான்.

டக். குட்டி.

கொஞ்சம் இடைவெளி விட்டு... டக்.

வேன்காரர், என்று நினைத்தேன். சொன்னபடியே மனிதர் கிளம்பிவிட்டார். சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தாலும் பனியில் என்ன தெரியும்?

கொஞ்ச நேரத்தில் பின்னால் பேச்சுச் சத்தம். ஓர் ஆண் குரல், மிகவும் தணிந்து, களைத்துப்போய். வார்த்தை புரியவில்லை. பிறகு குட்டியின் குரல். அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். "ம்" இல்லை, முழு முழு வாக்கியங்கள்.

பிறகு அவள் சிரித்தாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போனதும் மாமியாரிடம் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அவர்கள் பேசட்டும் என்று நடையைக்கூடக் கொஞ்சம் எட்டிப் போட்டேன்.

அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

5:31. வளைவு. இரண்டாம் எண்ணிக்கை.

"ஒண்ணு." "ரெண்டு." "மூணு." "நாலு." "அஞ்சு."

"ஆறு" என்றாள் குட்டி.

"...கடைசி."

அது அவள் குரல் இல்லை.

5:48. குடிசை. மூன்றாம் எண்ணிக்கையை டாக்டர் எடுக்கவில்லை. குளிரில் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்துவிட்டோம். ஒரு நீளப் பெஞ்சு, சுவரில் கண் மட்டத்துக்கு ஒரு நீளத் திறப்பு. உட்கார்ந்தோம். வெளிச்சம் மெல்ல வந்தது. நாணலுக்குள் ஆயிரம் குரல்கள் ஒன்றாகக் கிளம்பின. உள்ளான்கள் கூட்டமாக எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இறங்கின. தகைவிலான்கள் தண்ணீரை உரசிக்கொண்டு போயின. குட்டி என் பைனாகுலரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணி, அந்தச் சின்னது, தொண்டைல நீலமா இருக்கே, அதுவும் போயிடுமா?"

"எல்லாமே போயிடும். இன்னும் ரெண்டு வாரம்."

"எவ்ளோ தூரம்?"

"கடல் தாண்டி."

"தனியாவா?"

"ராத்திரில தனித்தனியா பறக்குமாம். ஆனா ஒண்ணுக்கொண்ணு குரல் குடுத்துக்கிட்டே போகுமாம்" என்றார் நூலகர் அம்மா. நாணல் பக்கமிருந்து பார்வையை எடுக்காமலே தாளைத் தட்டிவிட்டு, தலைப்பை நிரப்ப ஆரம்பித்தார். தேதி. இடம். வானிலை, பனி. வந்தவர்கள்...

"ஏழு பேர்தானே?" என்றார்.

6:12. தாளில் அந்த நேரம் இருக்கிறது. பக்கத்தில் 7 என்று எழுதி, அடித்து, 6 என்று எழுதியிருக்கிறார்.

"ஆறு மேடம்" என்றார் கேமராக்காரர்.

"இல்லையே, வளைவில ஏழு குரல் கேட்டுதே. இருட்டுல நான் குரலத்தான எண்ணுவேன்."

"வேன்காரர் வந்தாரு, வாசலோட திரும்பிப் போயிருப்பாரு" என்றேன். "குட்டியோட பேசிட்டு வந்தாரே."

குட்டி பைனாகுலரை இறக்கினாள்.

"அவரு இல்லண்ணி. அவர் குரல் எனக்குத் தெரியாதா? இவரு வேற. தொப்பி போட்டிருந்தாரு. நம்ம குழுவுல ஒருத்தர்னு நெனச்சேன்."

டாக்டர் பிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்தார். மூடி கையிலிருந்து நழுவி, பலகைத் தரையில் உருண்டு, வாசல் வரை போய் நின்றது.

வாசற்படிக்கு வெளியே ஈரச் சேறு. அதில் இரண்டு பாதத் தடங்கள், எங்களைப் பார்த்தபடி. உள்ளே வரவில்லை. திரும்பிப் போன தடமும் இல்லை.

"உங்ககிட்ட என்ன கேட்டாரு?" டாக்டரின் குரல் மாறியிருந்தது.

"ஒண்ணும் இல்ல. கால் வலிக்குதுன்னாரு. ரொம்ப நாளா நடக்கறேன், கொஞ்சம் முன்னாடி விடறீங்களான்னு கேட்டாரு. பாவமா இருந்துச்சு. இந்தப் பறவைங்களுக்கெல்லாம் எங்க போகணும்னு தெரிஞ்சிருக்கு, நமக்குத்தான் தெரியலன்னு சொன்னாரு. சிரிப்பு வந்துடுச்சு."

"வழி விட்டீங்களா?"

"நீங்கதான் விடக் கூடாதுன்னீங்களே. அதனால..."

"அதனால?"

"திரும்பிப் போகும்போது நீங்க முன்னாடி போங்க, நான் கடைசியா வர்றேன்னு சொல்லிட்டேன்."

6:20. கிளம்பினோம். பறவை பார்க்க வந்து, சூரியன் வந்ததும் கிளம்பியது அன்று மட்டும்தான். கேமராக்காரரும் மனைவியும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் முன்னாடி போயாகணும். பனில எனக்குத்தான் பாதை தெரியும்" என்றார் டாக்டர். "கடைசில..."

"நான் வர்றேன்" என்றேன்.

"அண்ணி, நான் அவருக்குச் சொல்லிட்டேன்..."

"நீ நட."

அவள் தோளைப் பிடித்து எனக்கு முன்னால் தள்ளினேன். மப்ளரின் ஒரு நுனியை அவள் கழுத்தில் விட்டு, மறு நுனியை என் கையில் சுற்றிக்கொண்டேன். டாக்டர் என்னிடம் சாவியைக் கொடுத்தார்.

"யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாதீங்க. திரும்பாதீங்க."

விடிந்திருந்தது. ஆனால் தண்ணீர் மேல் கலைந்த பனி, கரையில் விலகவில்லை. இருட்டுக்குப் பதில் வெள்ளை, அவ்வளவுதான்.

6:37. வளைவு.

"ஒண்ணு." "ரெண்டு." "மூணு." "நாலு." "அஞ்சு" என்றாள் குட்டி.

"ஆறு. கடைசி" என்றேன்.

பறவைக் குரல்கள் நின்றன. எல்லாம். ஒரே நேரத்தில்.

என் பின்னால்... சேற்றிலிருந்து காலைப் பிடுங்கும் சத்தம்.

பளக்.

நடந்தேன்.

பளக். பளக்.

"கால் வலிக்குது."

என் காதுக்கு மிக அருகில். மரியாதையான குரல். நல்ல குடும்பத்து மனிதர் பேசுகிற மாதிரி.

"கொஞ்சம் முன்னாடி விடறீங்களா?"

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணு சரின்னு சொல்லிச்சே..."

கையில் மப்ளர் இறுகியது. முன்னால் குட்டி நின்றுவிட்டாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. தலை மெல்லத் திரும்பத் தொடங்கியது.

முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.

6:46. பாலம்.

டக். டக். டக். டக்.

டக். குட்டி.

டக். நான்.

பத்து அடி நடந்திருப்பேன்.

...டக்.

6:55. கேட். பனிக்குள் வேனின் மஞ்சள் விளக்கு தெரிந்தது. வேன்காரர் தூங்கவில்லை. எங்கள் காலடி கேட்டு இறங்கி, கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொருவராக வெளியே வந்து வேனில் ஏறினார்கள். நான் கேட்டைத் தாண்டினேன். சாவி கை தவறிக் கீழே விழுந்தது.

"விடுங்கக்கா. மூஞ்சியே சரியில்ல உங்களுக்கு. நான் பூட்டிட்டு வர்றேன்."

சாவியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குள் ஓர் அடி வைத்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்து, ஒதுங்கி நின்றார்.

"வாங்க சார். நீங்க முன்னாடி போங்க."

எனக்குக் கேட்டது. எனக்கு முன்னால் ஐந்து பேரும் ஏறிவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த விதியை டாக்டர் அவருக்கு ஒரு நாளும் சொன்னதில்லை, அவர்தான் உள்ளே வருவதே இல்லையே. நான் திரும்பவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கண் முன்னால் குட்டி வேனில் உட்கார்ந்திருந்தாள். அந்த நிமிடம் எனக்கு அது போதுமாக இருந்தது.

பாதி வழியில்தான் எனக்குப் பேச்சு வந்தது.

"யார முன்னாடி போகச் சொன்னீங்க?"

"டாக்டர் சாரத்தான்க்கா. பனில மூஞ்சி சரியாத் தெரியல, திரும்ப உள்ள போயிட்டு வர்றாருன்னு நெனச்சேன். தொப்பி போட்டுட்டு, நொண்டிக்கிட்டே வந்தாரே."

பக்கத்து சீட்டில் இருந்த டாக்டர் அவரையே பார்த்தார். அவர் தலையில் தொப்பி இல்லை.

"இனிமே அந்தக் கேட் பக்கம் வராதீங்க" என்றார் மெதுவாக. "பகல்லயும் வேணாம்."

"நல்லதாப் போச்சு சார். தூக்கமாவது மிச்சம்."

போகும்போது இரண்டு பேர். வரும்போதும் இரண்டு பேர். மாமியாரிடம் வேறு எதுவும் சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமை காலை, அந்தக் கேட்டின் முன்னால் வேன் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்தது. கேட் பூட்டியிருந்தது, சாவி டாக்டரின் மேஜை டிராயரில் இருந்தது. வேன்காரரை மரப்பாலத்தின் அடியில் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் முழங்கால் அளவுதான்.

இறுதிச் சடங்கு முடிந்து திரும்பும்போது டாக்டர் சொன்னார். ஐந்து வருடத்துக்கு முன்பு அதே கரையில் குழுவின் கடைசி ஆளாக வந்த ஒரு கணக்கு வாத்தியார் வெளியே வந்து சேரவில்லை. எப்போதும் தொப்பி போட்டிருப்பாராம். வளைவில் அவர் "கடைசி" என்று சொன்னதை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அதற்கு முந்தின வாரம் அவர் தன் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்: "பாவம், யாரோ ஒருத்தர் கால் வலின்னாரு. முன்னாடி போகச் சொல்லிட்டு நான் பின்னாடி வந்தேன்." விதி வந்தது அதற்குப் பிறகுதான். காரணத்தைச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள் என்று சேற்றைச் சொன்னாராம்.

குழு கலைந்துவிட்டது. குட்டி தேறிவிட்டாள். வேலைக்குப் போகிறாள், தன் அண்ணனைக் கிண்டல் செய்கிறாள். மாடிக் கதவின் பூட்டை என் கணவர் கழற்றிவிட்டார். அவளோடு எங்கே போனாலும் நான்தான் பின்னால் நடக்கிறேன். "ஏன் அண்ணி இப்படி?" என்று சிரிப்பாள்.

இந்த வசந்தத்தில் வேறு ஊரிலிருந்து சில மாணவர்கள் வந்திருந்தார்கள். இரவில் பறந்து போகிற பறவைகளின் குரலைப் பதிவு செய்ய, குடிசையிலும் பாலத்திலும் கருவியை வைத்துவிட்டு ஊருக்குள் வந்து தூங்கிவிட்டார்கள். கேட் பூட்டியிருந்தது. உள்ளே யாரும் இல்லை. பதிவில் ஓர் இடம் புரியவில்லை என்று டாக்டரிடம் கொடுத்தார்களாம். அவர் அதை எனக்கு அனுப்பினார். பதினோரு நொடி. நேரம் 5:22.

நாணலில் காற்று. ஒரு கதிர்க்குருவி, ஒரே ஒரு தடவை.

டக்.

பிறகு ஒரு குரல். களைத்த குரல். எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"அக்கா வரலையா?"